பல்லி விழாத கேத்தில்

தண்ணீர் கொதிக்கவைக்க ஒரு கேத்தில் வாங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? மற்றவர்களுக்கு எப்படியோ, சத்தியபாமா அக்காவுக்கு நாலு சனிக்கிழமை எடுத்தது. அந்த நாலு சனிக்கிழமையும் அவரோடு ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலேறி, சிட்னி நகரத்தின் பெரிய கடைகளில் மாடி மாடியாக ஏறி இறங்கினவள் நான். மத்தியானத்தோடு கடைகளைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ஓட்டமும் நடையும்தான். இந்தக் கதையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கால்வலியை நான் பட்டிருக்கிறேன்.

1974ஆம் ஆண்டு அது. ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரே கட்டடத்தில் அக்காவும் அவருடைய கணவர் விக்னராஜா அண்ணையும் மேல்மாடியில் இருந்தார்கள். நானும் என் கணவரும் கீழே. அந்தத் தெருவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அண்ணை ஒரு கம்பனியில் பாலங்களுக்கு வரைபடம் கீறினார். நான் இலங்கையில் விலங்கியல் ஆசிரியை. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடத்தில் எலிகளுக்குத் தீன் போட்டுப் பல்லி, ஓணான்களின் பெட்டிகளைக் கழுவினேன். வேலை சின்னதுதான். தலைக்கனம் மட்டும் பட்டதாரியினுடையது. எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

வாடகை வீட்டோடு அக்காவுக்கு ஒரு மின்சார ஜக் கிடைத்தது. இந்த நாட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரத்துக்கு ஜக் என்றுதான் பெயர். வெண்ணெய் நிறத்தில், பீங்கானில், கறுப்பு மூடியோடு இருந்தது. அக்கா மூடியைத் திறந்து, டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். "உள்ளுக்கை இருட்டு" என்று மூடி வைத்தவர்தான், பிறகு தொடவே இல்லை. மூன்று கிழமையாகச் சட்டியில் தண்ணீர் கொதித்தது. ஏன் என்று அண்ணையைக் கேட்டேன். அவளுக்குப் பல்லிப் பயம், கேத்திலுக்குள் பல்லி விழுந்திருக்குமோ என்று பயப்படுவாள் என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கேத்திலைப் பார்த்துப் பயப்படாத வீடு கிடையாதுதான். தேத்தண்ணீரில் பல்லி விழுந்து ஒரு குடும்பமே செத்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும், பேப்பரிலும் வரும். ஆனால் சிட்னியில், வீட்டுச் சுவரில் ஒரு பல்லியைக்கூட நான் பார்க்காத நகரத்தில், இதென்ன கூத்து?

அக்காவுக்கு வேண்டியது உள்ளே கிடப்பது வெளியே தெரியும் கேத்தில். அதாவது கண்ணாடியில். முதல் சனிக்கிழமை ஆளுக்கு முந்தி ஓடிப் போய் வடிவான ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் காஸ் அடுப்பில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் கீழே இருந்து படியேறி ஓடினேன். குசினி முழுக்க வெந்நீரும் கண்ணாடித் துண்டும். அக்கா சுவரோடு ஒட்டி நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை. காயமில்லை, கடவுள் காப்பாற்றினார். அது தேயிலை ஊறவைத்துப் பரிமாறும் பாத்திரம், நெருப்பில் வைக்கிறதல்ல என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. இரண்டு பட்டதாரிகள் இருந்த கட்டடம், ஒருவரும் வாசிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் தலைமை ஏற்றேன். கடைக்காரரைக் கேட்டுக் கேட்டு நாங்களே படித்துக்கொண்டோம். கண்ணாடியில் ஓவன் சூட்டுக்குத் தாங்குவது வேறு, நேரே சுவாலைக்குத் தாங்குவது வேறு. அடியில் எதற்கென்று அச்சடித்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே நீர்க்குமிழி மாதிரிப் புள்ளி இருக்கக் கூடாது, அந்த இடத்தில்தான் முதலில் வெடிக்கும். கைபிடியைப் பிடித்திருக்கும் உருக்குப் பட்டி திருகாணியால் இறுக்குவதாக இருக்கவேண்டும், ஒட்டினது வேண்டாம். வாய் அகலமாக இருந்தால் கை போய்க் கழுவலாம். அக்கா இதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, தன்னுடைய பரீட்சையைத் தனியாக வைப்பார். கேத்திலின் மூக்குக்குள் ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வளைந்த மூக்கென்றால் திருப்பி வைத்துவிடுவார். நேரான, கட்டையான மூக்கு வேண்டும். மூக்கின் அந்தத் தலையில் என்னுடைய கண் தெரிய வேண்டும். சிட்னிக் கடையில் இரண்டு சேலைக்காரிகள் ஒரு கேத்திலின் இரண்டு பக்கமும் நின்று ஒருவரையொருவர் உற்றுப் பார்த்ததை அந்த விற்பனைக்காரப் பிள்ளை இன்னும் மறந்திருக்க மாட்டாள்.

நாலாவது சனிக்கிழமை கிடைத்தது. அதைப் பராமரித்த விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி மூன்று தரம் சுற்றிப் பார்ப்பார். பிறகுதான் தண்ணீர். அடுப்பில் கம்பிவலை, அதன்மேல் கேத்தில், நெருப்பு சின்னனாகத் தொடங்கிப் பிறகு கூட்டுவார். வற்ற விடமாட்டார். சூட்டோடு பாத்திரம் கழுவும் தகரத் தொட்டியில் வைக்கமாட்டார், மடித்த துவாயின்மேல்தான். சூடான கேத்திலுக்குள் பச்சைத் தண்ணீர் விடப் போன என்னை ஒருநாள் கண்டு, கையைப் பிடித்துத் தள்ளினார். கம்பிப் பஞ்சு கிட்டவும் வராது. கிழமைக்கொரு தரம் வினாகிரியும் தண்ணீரும் கலந்து கொதிக்கவைத்து, இரண்டு தரம் அலசி, மெல்லிய துணியால் துடைத்து, வாய்க்கும் மூக்குக்கும் வெள்ளைத் துணி கட்டி வைப்பார். "அபிஷேகம் முடிஞ்சுதோ அக்கா?" என்று படியேறும்போதே கேட்பேன். சிரிப்பார். கோபித்ததே இல்லை.

நான் வியந்தது விக்னராஜா அண்ணையைத்தான். அக்கா இவ்வளவு சோதித்துப் போட்ட தேத்தண்ணீரை அண்ணை ஒருநாளும் பார்க்கமாட்டார். கண் பேப்பரில் இருக்கும், கை கோப்பையை எடுக்கும், வாய் குடிக்கும். என்னுடைய ஆள் பாலாடை கிடந்தாலே கரண்டியால் கிண்டி விசாரணை வைக்கிறவர். "பெண்சாதியில எவ்வளவு நம்பிக்கை, பார்த்துப் பழகுங்கோ" என்று நான் அவரைக் குத்திக் காட்டியிருக்கிறேன். ஒரு தரம் இல்லை, பலதரம்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. 1976 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, சரியான வெயில். அண்ணை யாரோ சிநேகிதரின் காரைத் தள்ளப் போயிருந்தார். நான் மேலே போனேன். கேத்திலைக் கழுவி, தண்ணீர் நிரப்பி, மேசையில் வைத்துவிட்டு, அதன் வாயில் கட்டுகிற துணியைக் கொடியிலிருந்து எடுக்க அக்கா போனார். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஜன்னலுக்கு வெளியே சுவரில் படர்ந்திருந்த கொடியிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று உள்ளே ஓடிவந்தது. மேசையில் ஏறியது. நான் "சூ" என்றேன். அது பயந்து கேத்தில் வாய்க்குள் பாய்ந்துவிட்டது.

துணியோடு திரும்பின அக்கா அதைக் கண்டார். கண்ணாடிக்குள் பளிச்சென்று தெரிந்தது, காலைக் காலை அடித்து நீந்தியது. இரண்டு வருடத்தில் முதல்தடவையாக அந்தக் கண்ணாடி, அதை எதற்கு வாங்கினாரோ அந்த வேலையைச் செய்தது. அக்கா கத்தவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். வாய் திறந்திருந்தது, மூச்சு வரவில்லை. நான் கன்னத்தில் தட்டினேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். இது வெறும் பயமில்லை என்று விளங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்தது பாடம் நடத்துகிற ஆசை.

கையை விட்டு அதை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "இது பல்லியுமில்லை அக்கா, அரணைச் சாதி. தோட்டத்தில திரியிறது. நான் தினமும் கையில தூக்கிறனான்" என்று சொல்லி ஜன்னலால் வெளியே விட்டேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை. பல்லியிலும் விஷம் இல்லை என்றேன். அதன் தோலில் இல்லை, பல்லில் இல்லை, வாலில் இல்லை, ஆய்வுகூடத்தில் பேராசிரியரையே கேட்டிருக்கிறேன் என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு உற்சாகமாக இருந்தது, வெட்கக்கேடு.

"அவிஞ்ச பல்லியை ஒருத்தர் முழுசா விழுங்கினாலும் சாகமாட்டார் அக்கா. வேணுமெண்டால் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுப்பார்."

"தேத்தண்ணியில அவிஞ்சால்?"

"தேத்தண்ணியில அவிஞ்சால் இன்னும் நல்லது. கிருமியும் செத்துப்போகும்."

"நாகேஸ்வரி, நீர் பகிடிக்குச் சொல்லேல்லையே?"

இல்லை என்றேன். மறுபடி கேட்டார். மறுபடி இல்லை என்றேன். மூன்றாம் தரம் கேட்டபோது அவருடைய கை என் முழங்கையை இறுக்கியிருந்தது, நகம் பதிந்தது. அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். நிலத்தில் இருந்தபடியே சொன்னார்.

இலங்கையில், கொக்குவிலில் கல்யாணம் முடித்து எட்டு மாதம். 1962. அண்ணையின் தங்கை பவளத்துக்குப் பத்தொன்பது வயது. ஒரு காலை அக்கா அலுமினியக் கேத்திலில் தேத்தண்ணீர் போட்டார். எல்லோரும் குடித்தார்கள். பவளம் கடைசியாகக் குடித்தாள். பத்து மணிக்குச் சத்தி எடுக்கத் தொடங்கினவள் பின்னேரம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அன்று மாமியார் கேத்திலை முற்றத்தில் கவிழ்த்தபோது, தேயிலைச் சக்கையோடு வெந்த பல்லி ஒன்று விழுந்தது. அக்காவும் கண்டார், அயலும் கண்டது. மற்றவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று கேட்டவர்களுக்கு, விஷம் அடிமண்டியில் நின்றது, கடைசியாகக் குடித்தவளுக்குப் போய்விட்டது என்று மாமியார் விளக்கம் சொன்னார். ஊர் ஒப்புக்கொண்டது. மூடியைத் திறந்து பாராமல் தண்ணீர் விட்ட மருமகள் ஒரு குமர்ப்பிள்ளையைக் கொன்றுவிட்டாள்.

செத்தவீட்டில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுதபோது அக்காவை ஒருவரும் கட்டவில்லை. பிரேதத்துக்குக் கிட்ட வரவேண்டாம் என்று மாமியார் பின்னறைக்குள் விட்டார். அக்கா அங்கே அழாமல் இருந்தார். அழுதால் நடிக்கிறாள் என்பார்கள் என்ற பயம். அன்றிலிருந்து பதினாலு வருடம், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கேத்தில் தண்ணீருக்கும், பவளத்தைத் தான் கொன்றதாகவே அக்கா நினைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார். அதற்குத்தான் நான் அபிஷேகம் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் நாக்கை அறுத்துப் போட்டாலும் காணாது.

"அப்ப அவள் ஏன் செத்தவள்?" என்று அக்கா கேட்டார்.

வேறு ஏதும் நோய் வருத்தமாக இருக்கலாம் என்று உளறினேன். ஆஸ்பத்திரியில் பிழை விட்டிருக்கலாம், நான் படித்ததும் சரியில்லாமல் இருக்கலாம் என்றேன். வாழ்க்கையில் முதல்தடவையாக என்னுடைய படிப்புப் பிழையாக இருக்கட்டும் என்று மனதார வேண்டினேன். அக்கா காதில் விழுத்தவில்லை. எழுந்தார், சேலையைச் சரிசெய்தார், மேசையடியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். நான் போயிட்டு வாறன் என்றேன். இரும் என்றார். இருந்தேன்.

நாலு மணிபோல அண்ணை வந்தார். கையில் கிறீஸ். கழுவப் போனவரை அக்கா முன்னால் இருத்தினார். பல்லியில் விஷம் உண்டா இல்லையா என்று கேட்பார் என்று நான் நினைத்தேன். அக்கா அதைக் கேட்கவேயில்லை.

"இஞ்சேருங்கோ, பவளம் என்னத்தைக் குடிச்சவள்?"

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். தேத்தண்ணீர் என்றுகூட அவர் சொல்லிப் பார்க்கவில்லை. பதினாலு வருடமாக இந்தக் கேள்விக்குக் காத்திருந்த மனிதரைப் போல் தோள் இறங்கியது. தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து என்றார். போத்தல் தலையணைக்குக் கீழே கிடந்ததாம். அவளுக்கு விருப்பமில்லாத இடத்தில் கல்யாணம் பேசினார்களாம். மாட்டேன் என்று இரண்டு மாதமாகச் சொன்னாளாம், ஒருவரும் காது கொடுக்கவில்லையாம். வெளியே தெரிந்தால் அடுத்த தங்கை சிவமணியை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று அம்மா காலைப் பிடித்து அழுதாவாம். தெரிந்த டொக்டர் ஒருவர், சாப்பாடு நஞ்சானது என்று எழுதிக் கொடுத்தாராம்.

"பல்லி?" என்றார் அக்கா.

அண்ணை கிறீஸ் பட்ட கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது நான்தான். குசினிச் சுவரில பிடிச்சனான். கேத்தில் அப்பவும் அடுப்பில சூடா இருந்தது."

இந்த மனிதர் பாலம் கீறுகிறவர், எறும்புக்கும் வழிவிட்டு நடக்கிறவர், எங்கள் வீட்டு விளக்கைக் கேட்காமலே வந்து திருத்தித் தந்தவர். அவர் தன் பெண்சாதியின் தலையில் போடுவதற்கு ஒரு பல்லியைத் துரத்திப் பிடித்திருக்கிறார். கல்யாணம் முடித்து எட்டு மாதத்தில். எழுந்து கன்னத்தில் ஒன்று விட வேண்டும்போல் இருந்தது.

அக்கா ஆத்திரப்படவில்லை. கணக்குப் போடுகிறவர்போல் மெதுவாகப் பேசினார்.

"நான் போட்ட தேத்தண்ணியை ஒருநாளும் பாக்காமக் குடிச்சீங்கள். தங்கச்சியைக் கொன்றவளின்ர கையால பாக்காமக் குடிக்கிறாரே எண்டு நான் உங்களைக் கும்பிட்டனான்."

அண்ணை ஏதோ சொன்னார். நாலு நாளில் ஊர் மறந்துவிடும் என்று நினைத்ததாகவும், பிறகு சொல்லப் போக ஒவ்வொரு வருடமும் இன்னும் கஷ்டமாகிவிட்டதாகவும் சொன்னார். சிவமணிக்கு இப்போது மூன்று பிள்ளைகள் என்றார். அதை ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கடிதம் ஏதும் எழுதி வைச்சவளோ?"

"ஓம். அம்மா அடுப்பில போட்டிட்டா."

"நீங்கள் வாசிச்சனீங்களோ?"

"ஓம்."

"என்ன எழுதியிருந்தவள்?"

அண்ணை தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"இதுக்கு ஒருத்தரையும் குறை சொல்லவேண்டாம் எண்டு."

கீழே தெருவில் யாரோ புல் வெட்டுகிற இயந்திரம் போய் வந்துகொண்டிருந்தது. அக்கா அந்த வரியைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், உதடு அசைந்தது தெரிந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு வருசமும் அவளை நினைச்சால் எனக்குப் பல்லிதான் வந்து நிக்கும், நாகேஸ்வரி. அவளின்ர முகம் வரவே வராது. இப்பதான் வருது. அண்டைக்குக் காலமை கோப்பையைத் திருப்பித் தாற நேரம் என்ர கையைப் பிடிச்சவள். நான் அடுப்பு அணையுது எண்டு கையை இழுத்துக்கொண்டு போயிட்டன்."

அப்படிச் சொன்னவர் எழுந்து வந்து இரண்டு கைகளாலும் என் தோளைக் கட்டிப்பிடித்தார். தலையை என் தலையோடு முட்டினார். பிறகு ஒரு சத்தம் வந்தது. ஸ்ட்ராத்ஃபீல்ட் அந்தச் சத்தத்தை முன்பு கேட்டிருக்காது. என்ர பவளம், என்ர மச்சாள் என்று பெயர் சொல்லி, மூச்சு எடுத்து, மறுபடி பெயர் சொல்லி, செத்தவீட்டில் பெண்கள் அழுகிற அதே அழுகை. நானும் அழுதேன். நான் கண்டறியாத ஒரு பிள்ளைக்காக, என்னுடைய கெட்ட வாய்க்காக, எல்லாவற்றுக்குமாக அழுதேன். புல் வெட்டுகிற சத்தம் நின்றது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. படியில் யாரோ ஏறிவந்து தயங்கி நிற்கும் காலடி கேட்டது.

விக்னராஜா அண்ணை பதறி எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனார். அக்கா என் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

"அதைத் திறந்து விடுங்கோ. நான் அழுறது ஆக்களுக்குக் கேக்கவேணும்."

அண்ணையின் கை ஜன்னல் கம்பியில் அப்படியே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டு, அழத் தெரியாமல், இருக்கவும் தெரியாமல், சுவரோரம் போய் நின்றார்.